பழைய இசைத்தட்டுப் பதிவில் 'டிக் டிக்' சத்தத்தை எடுப்பது எப்படி: ஆடாசிட்டியில் முழு வழிகாட்டி

தாத்தாவின் இசைத்தட்டுகள் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் பல வருடங்களாகக் கிடந்தன. எல்லாமே நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்குத் தட்டுகள். பாதி நாகஸ்வரம், மீதி வாய்ப்பாட்டு. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆரம்பித்த முதல் வாரம், மென்பொருளில் 'கிளிக் ரிமூவல்' என்று ஒன்று இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு, ஒரு பக்கம் முழுவதையும் தேர்ந்தெடுத்து, அளவுகளை நன்றாக முடுக்கி வைத்து ஓட்டிவிட்டேன். டிக் டிக் போய்விட்டது. பாட்டு பளிச்சென்று ஆகிவிட்டதாகவே எனக்குத் தோன்றியது. சின்ன வயதில் மிருதங்கம் கற்றுக்கொண்ட சித்தப்பாவிடம் போட்டுக் காட்டினேன். அவர் ஒரு நிமிடம்கூடக் கேட்கவில்லை. "டேய், சாப்பு எங்கடா போச்சு? துணியைப் போர்த்தி வாசிச்ச மாதிரி இருக்கே" என்றார். மூலப் பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அவர் சொன்னது சரி: சாப்பு, அதாவது மிருதங்கத்தில் கணீரென்று விழும் அந்த அடி, மழுங்கிப் போயிருந்தது. கீறல் சத்தத்தோடு மிருதங்கத்தின் உயிரையும் சேர்த்து எடுத்திருந்தேன்.

அதனால் எந்தப் பட்டனை அழுத்துவது என்பதைவிட, அழுத்திய பிறகு என்ன காணாமல் போனது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். நான் பயன்படுத்துவது ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருள். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அடோபி ஆடிஷன், ஐஸோடோப் ஆர்எக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு வசதிகள் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் கீழே சொல்லும் வேலை வரிசை அங்கேயும் பொருந்தும்.

கிளிக் என்பது என்ன

தட்டின் பள்ளத்தில் ஊசி ஓடும்போது ஒரு கீறலோ தூசியோ குறுக்கிட்டால் ஊசி ஒரு கணம் துள்ளுகிறது, அதுதான் கிளிக். அது எவ்வளவு சின்னது என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான கிளிக்குகள் ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவானவை. கம்ப்யூட்டர் ஒலியை அளந்து எடுக்கும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சாம்பிள். நொடிக்கு 44,100 சாம்பிள் என்ற வேகத்தில் பதிவு செய்திருந்தால், ஒரு மில்லிசெகண்டில் இருப்பது 44 சாம்பிள்தான். அதாவது ஒரு கிளிக்கைச் சரிசெய்ய நீங்கள் தொடவேண்டிய இடம் நாற்பது ஐம்பது புள்ளிகள். மூன்று நிமிடப் பாட்டில் கிட்டத்தட்ட எண்பது லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. நாலு கிளிக்குக்காக அத்தனையையும் ஒரு கருவிக்குள் தள்ளி எடுப்பதில் எனக்கு இப்போதெல்லாம் விருப்பமே இல்லை.

இன்னொரு கணக்கும் உதவும். 78 சுற்றுத் தட்டு ஒருமுறை சுற்ற 0.77 நொடி ஆகிறது. 45 சுற்றுத் தட்டு 1.33 நொடி, நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் எல்பி தட்டு 1.8 நொடி. ஒரு நீளக் கீறல் தட்டின் குறுக்கே ஓடினால், ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் ஒரு கிளிக் வரும். திரையில் ஒரு கிளிக்கைக் கண்டுபிடித்துவிட்டீர்கள், அடுத்ததைக் காணவில்லை என்றால், சரியாக 0.77 நொடி தள்ளிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அரக்குத் தட்டில் கிளிக் போக அடியில் ஓயாமல் ஒரு 'கரகர' ஓடிக்கொண்டிருக்கும். அரக்கோடு கல்பொடி போன்ற தாதுப் பொடிகளைக் கலந்துதான் அந்தத் தட்டுகளைச் செய்தார்கள். பழைய இரும்பு ஊசியை அந்தப் பொடிதான் உரசி, பள்ளத்தின் அளவுக்குத் தேய்த்துக் கொடுத்தது. எனவே கரகர என்பது அந்தத் தட்டோடு பிறந்தது. அது வேறு வேலை, கடைசியில் வருகிறேன்.

கம்ப்யூட்டருக்கு முன்னால்

பாதி கிளிக்குகளைத் தட்டைக் கழுவியே எடுத்துவிடலாம், சும்மா சொல்லவில்லை. வடிகட்டிய நீரில் பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரே ஒரு சொட்டு, மெல்லிய பிரஷ், பள்ளம் ஓடும் திசையிலேயே துடைப்பது, நடுவில் இருக்கும் லேபிளை நனைக்காமல் பார்த்துக்கொள்வது, மறுபடி வெறும் நீரில் அலசி உடனே உலர்த்துவது. விரிசல் விட்ட தட்டை நனைக்கவே வேண்டாம், உலர்ந்த பிரஷ் போதும். முக்கியமான ஒன்று: அரக்குத் தட்டில் ஸ்பிரிட்டோ வேறு எந்த ஆல்கஹாலோ படவே கூடாது. ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். எல்பிக்காகக் கடைகளில் விற்கும் பல கிளீனர்களில் ஆல்கஹால் இருக்கிறது, பாட்டிலைப் படிக்காமல் ஊற்றாதீர்கள். கரைந்த பள்ளத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

அப்புறம் ஊசி. 78 சுற்றுத் தட்டின் பள்ளம் அகலமானது, அதற்கு அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு அளவுள்ள ஊசி வேண்டும். எல்பி ஊசி ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. எல்பி ஊசியை அரக்குத் தட்டில் வைத்தால் அது பள்ளத்தின் சுவரைத் தொடாமல் அடியில் சேர்ந்திருக்கும் அழுக்கில் உருண்டுகொண்டு போகும், கிடைப்பது இரைச்சல்தான். எட்டு மணி நேரம் திரையில் உட்கார்ந்து எடுக்கும் சத்தத்தை ஒரு சரியான ஊசி எடுத்துவிடும்.

பதிவு செய்வது

தட்டு ஒரே சானலில் பதிவானதாக இருந்தாலும் ஸ்டீரியோவிலேயே பதிவு செய்யுங்கள், காரணம் பின்னால். ஆடாசிட்டியின் 32 பிட் ஃப்ளோட் அமைப்பை மாற்றவேண்டாம். சாம்பிள் வேகத்தில் ஒரு யோசனை இருக்கிறது. ஆவணக் காப்பகங்கள் ஒலிப்பதிவுகளுக்கு 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் பரிந்துரைக்கின்றன, பத்திரப்படுத்த அது நல்லதுதான். ஆனால் கையால் சரிசெய்ய நாம் பயன்படுத்தப்போகும் 'ரிப்பேர்' கருவி ஒரு தடவைக்கு 128 சாம்பிள்களுக்கு மேல் ஏற்காது. 44.1 கிலோஹெர்ட்ஸில் அது 2.9 மில்லிசெகண்ட், 96இல் வெறும் 1.3. நான் இரண்டையும் செய்து பார்த்துவிட்டு, தாத்தாவின் தட்டுகளை 96இல் பதிவு செய்து அப்படியே எடுத்து வைத்துவிடுகிறேன். திருத்துவதற்கு அதிலிருந்து 44.1 பிரதி ஒன்று எடுத்துக்கொள்கிறேன்.

அளவு எப்போதும் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். கிளிக் பல நேரம் பாட்டைவிட உரக்க இருக்கும், அது உச்சியில் இடித்துத் தட்டையாகிவிட்டால் பின்னால் சரிசெய்வது சிரமம். தட்டின் தொடக்கத்தில் பாட்டு ஆரம்பிக்கும் முன் வெறும் பள்ளம் ஓடும் சில நொடிகளையும் விடாமல் பதிவு செய்யுங்கள். அது தேவைப்படும்.

பதிவு முடிந்ததும் வேவ் ஃபைலாக ஒரு பிரதி சேமித்து, அதை இனி திறக்காதீர்கள். வேலை எல்லாம் இரண்டாவது பிரதியில்.

எதை முதலில் செய்வது

கிளிக் முதலில், கரகர இரண்டாவது, மின்சார ரீங்காரமும் உஸ் சத்தமும் அதற்கப்புறம், ஒலியளவைச் சரிசெய்வது கடைசியில். இந்த வரிசையை மாற்றினால் வேலை கெட்டுப்போகும். முதலில் ட்ரெபிளைக் குறைப்போம் என்று ஒரு ஃபில்டரைப் போட்டீர்கள் என்றால், கூர்மையாக இருந்த கிளிக் இருபக்கமும் பரவி மழுங்கிவிடும்; அதற்குப் பிறகு எந்தக் கருவிக்கும் அது கிளிக் என்று அடையாளம் தெரியாது, உங்கள் காதுக்கு மட்டும் 'டொக்' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். நாய்ஸ் ரிடக்ஷனை முதலில் ஓட்டினாலும் இதே கதைதான்.

தானாக எடுக்கும் கருவி, கவனமாக

எஃபெக்ட் மெனுவில் 'நாய்ஸ் ரிமூவல் அண்ட் ரிப்பேர்' என்ற பிரிவுக்குள் 'கிளிக் ரிமூவல்' இருக்கிறது. பழைய பதிப்புகளில் நேராக எஃபெக்ட் மெனுவிலேயே தெரியும். அதில் இரண்டே அமைப்புகள். 'த்ரெஷோல்ட்' என்பது எவ்வளவு முனைப்பாகத் தேடுவது: எண் குறையக் குறைய அதிகமாகப் பிடிக்கும். 'மேக்ஸ் ஸ்பைக் விட்த்' என்பது எவ்வளவு அகலமான கூர்முனையைக் கிளிக் என்று எடுத்துக்கொள்வது: எண் கூடக்கூட அதிகமாகப் பிடிக்கும். தொடக்கத்தில் 200, 20 என்று இருக்கும்.

நான் தவறு செய்தது இங்கேதான், த்ரெஷோல்டை ஒரேயடியாக இறக்கிவிட்டேன். இப்போது செய்வது வேறு. பத்து நொடித் துண்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறேன், மிருதங்கமும் பாட்டும் சேர்ந்து வரும் இடமாக. அதில் 200, 20 வைத்து ஓட்டிப் பார்க்கிறேன். கிளிக் இன்னும் இருந்தால் கன்ட்ரோல் இசட் அழுத்தித் திரும்பி வந்து, 150க்கு இறக்கிப் பார்க்கிறேன். போகவில்லை என்றால் இன்னும் கொஞ்சம். பெரிய கிளிக்குகளை மட்டும் எடுத்து, சின்னதில் பாதியை விட்டுவிடும் அளவு எதுவோ அதுவே எனக்குப் போதும். ரொம்பச் சின்ன துண்டைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் கருவி ஓடாது. 4096 சாம்பிளுக்கு மேல், கிட்டத்தட்ட பத்தில் ஒரு நொடியாவது வேண்டும்.

எடுத்ததைக் கேட்டுப் பாருங்கள்

சித்தப்பா சொன்ன பிறகு நான் கற்றுக்கொண்டது இது. இந்த ஒன்றைச் செய்யாமல் யாரும் ஒரு பழைய பதிவைத் திருத்தக்கூடாது என்றே நினைக்கிறேன்.

ட்ராக்கைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் டி அழுத்துங்கள், அதே ட்ராக் கீழே இன்னொன்றாக வரும். மேலே இருப்பதில் கிளிக் ரிமூவல் ஓட்டுங்கள். கீழே இருப்பதில் எஃபெக்ட் மெனுவிலிருந்து 'இன்வர்ட்' போடுங்கள், அலை தலைகீழாகிவிடும். இப்போது இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். மாறாத இடங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மௌனமாகிவிடும். உங்களுக்குக் கேட்பது அந்தக் கருவி எடுத்துப் போட்டது மட்டும்.

வெறும் டிக், டிக், டிக் என்று உலர்ந்த சத்தம் கேட்டால் நல்லது. அதில் தாளம் கேட்டால், ஆதி தாளத்தைக் கையில் போட முடிகிற மாதிரி ஒரு நடை கேட்டால், மிருதங்கத்தை எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் ஓட்டிய முதல் பதிவை இப்படிக் கேட்டபோது ஒவ்வொரு சாப்பும் தெளிவாக விழுந்தது. பாட்டில் வரும் ட, க போன்ற வல்லின ஓசைகளின் தொடக்கமும், ஜால்ராவின் முதல் தட்டும், வீணையின் மீட்டும் இதே போலச் சிக்கும். எல்லாமே சட்டென்று எழும் ஒலிகள், கருவிக்குக் கீறலுக்கும் இவற்றுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை.

நாகஸ்வரம் இன்னும் மோசம். டிரம்பெட் போன்ற ஊதுகருவிகளின் அலைவடிவமே வரிசையாகக் கூர்முனைகளாக இருக்கும், கிளிக் எடுக்கும் கருவிகள் அவற்றில் தடுமாறும் என்பது ஒலிப்பதிவுக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம். சீவாளி வைத்து ஊதும் நாகஸ்வரத்திலும் அதையேதான் பார்த்தேன். எடுத்ததைக் கேட்டால் அதில் ராகமே கேட்டது. நாகஸ்வரத் தட்டுகளில் நான் தானியங்கிக் கருவியைத் தொடுவதில்லை, எல்லாம் கையால்தான்.

சோதனை முடிந்ததும் கீழே இருக்கும் தலைகீழ் ட்ராக்கை நீக்கிவிடுங்கள். மறந்துபோய் அப்படியே எக்ஸ்போர்ட் செய்தால் வெறும் கிளிக்குகள்தான் ஃபைலில் இருக்கும்.

கையால் ஒவ்வொன்றாக

பெரிய கிளிக்குகளுக்கு இதுவே நல்ல வழி. முதலில் கண்ணால் கண்டுபிடிக்க ட்ராக்கை ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றுங்கள். பாட்டு படுக்கைக் கோடுகளாகத் தெரியும், கிளிக் மேலிருந்து கீழ்வரை ஒரு மெல்லிய செங்குத்துக் கோடாக நிற்கும். மிருதங்க அடியும் நின்றாற்போல்தான் ஆரம்பிக்கும், ஆனால் அதற்கு ஒரு வால் இருக்கும்: கீழ்ப்பகுதியில் வலப்பக்கமாக நீண்டு மெல்ல மங்கும். கிளிக்குக்கு வால் கிடையாது. ஒரு மணி நேரம் பார்த்தால் கண் பழகிவிடும்.

இடம் கிடைத்ததும் அலைவடிவக் காட்சிக்குத் திரும்பி, கன்ட்ரோல் 1 அழுத்தி அழுத்திப் பெரிதாக்குங்கள், சாம்பிள்கள் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரியும்வரை. வளைந்து வளைந்து போகும் கோட்டில் திடீரென்று முள் மாதிரி ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். முள்ளை மட்டும், இருபக்கமும் ஒன்றிரண்டு புள்ளி சேர்த்துத் தேர்ந்தெடுத்து, 'ரிப்பேர்' ஓட்டுங்கள். முன்னும் பின்னும் இருக்கும் அலையைப் பார்த்து நடுவில் எப்படிப் போயிருக்கும் என்று கணக்கிட்டு அது நிரப்பிவிடும். அக்கம்பக்கத்தில் இருக்கும் ஒலியை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது என்பதால் தேர்வு எவ்வளவு குறுகலோ அவ்வளவு நல்லது. முள் நாற்பது புள்ளி என்றால் நூற்றிருபதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

நிறையச் செய்யவேண்டியிருந்தால் ப்ரிஃபரன்சஸில் கீபோர்டு பகுதிக்குப் போய் ரிப்பேருக்கு ஒரு விசையை ஒதுக்கிக்கொள்ளுங்கள், கை வலி மிச்சம். கடைசியாக ஓட்டிய எஃபெக்டைத் திரும்ப ஓட்ட கன்ட்ரோல் ஆர் போதும். மூன்று நான்கு புள்ளிகள் மட்டுமே கெட்டிருந்தால் பென்சில் கருவியை எடுத்து அந்தப் புள்ளிகளைக் கையாலேயே வரிசையில் இழுத்து வைத்துவிடலாம்.

கிளிக்கை வெட்டி எறிந்துவிடலாமே என்று தோன்றும், வேண்டாம். வெட்டிய இரண்டு முனைகளும் ஒரே உயரத்தில் சந்திக்காவிட்டால் அந்த இணைப்பே ஒரு புதிய கிளிக் ஆகிவிடும். அந்த இடத்தை மௌனமாக்குவதும் அப்படியே: ஓடுகிற ஒலியில் ஒரு சின்ன ஓட்டை விழுந்தால் காது அதைக் கிளிக்கைவிடச் சீக்கிரம் கண்டுபிடிக்கும்.

விரிசலில் ஊசி துள்ளி வரும் பெரிய 'டொப்' ரிப்பேருக்கு அடங்காது. அதில் முன்னால் ஒரு முள், பின்னால் இருபது முப்பது மில்லிசெகண்டுக்கு அலை முழுவதும் மேலும் கீழும் ஆடும். முள்ளை முதலில் ரிப்பேரில் எடுங்கள். பிறகு ஆடும் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, தாழ்ந்த ஒலிகளை வெட்டும் 'ஹை பாஸ் ஃபில்டர்' 100 அல்லது 150 ஹெர்ட்ஸில் போட்டால் ஆட்டம் அடங்கும். அதற்கும் அடங்காவிட்டால், நீளமாக இழுத்துப் பாடும் இடமாக இருந்தால், சற்று முன்னால் இருக்கும் அதே மாதிரி அலைத்துண்டைப் பிரதி எடுத்து மேலே ஒட்டிவிடலாம். தேர்வின் முனைகள் பூஜ்யக் கோட்டில் விழ இசட் விசையை அழுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டு சுவர், ஒரே பாட்டு

ஸ்டீரியோவில் பதிவு செய்யச் சொன்னது இதற்காக. பழைய தட்டில் பள்ளத்தின் இடச்சுவரிலும் வலச்சுவரிலும் இருப்பது ஒரே பாட்டு, ஆனால் கீறல் இரண்டிலும் ஒரே அளவு இருக்கவேண்டும் என்பதில்லை. ட்ராக் மெனுவில் 'ஸ்ப்ளிட் ஸ்டீரியோ டு மோனோ' கொடுத்து, ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஒரு சுவர் நன்றாகவே சுத்தமாக இருந்தால் அதை மட்டும் வைத்துக்கொண்டு வேலையைப் பாதியாக்கலாம். ஒரு கிளிக் ஒரு பக்கம் மட்டும் இருந்தால், அதே இடத்தை மறுபக்கத்திலிருந்து எடுத்து ஒட்டிவிடலாம். அது கணக்குப் போட்டு நிரப்பியதல்ல, உண்மையில் பாடியது. எந்த மென்பொருளும் தர முடியாத திருத்தம் இதுதான், எனக்கு ரொம்பப் பிடித்ததும்கூட. இரண்டு பக்கமும் சரியானபின் ஒரே சானலாகக் கலந்தால், ஊசி மேலும் கீழும் அதிர்ந்ததால் வந்த இரைச்சலில் கணிசமான பங்கு தானாகவே ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

மிச்சமுள்ள கரகரவும் உஸ்ஸும்

தொடக்கத்தில் பாட்டில்லாமல் ஓடிய சில நொடிகளைத் தேர்ந்தெடுத்து, 'நாய்ஸ் ரிடக்ஷன்' திறந்து 'கெட் நாய்ஸ் ப்ரொஃபைல்' அழுத்துங்கள். அந்தத் துண்டில் கிளிக் எதுவும் மிஞ்சியிருக்கக்கூடாது. பிறகு முழு ட்ராக்கையும் தேர்ந்தெடுத்து, ஆறிலிருந்து ஒன்பது டெசிபலுக்குள் குறையுங்கள். அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிடும். இதிலேயே 'ரெசிட்யூ' என்று ஒரு தேர்வு இருக்கிறது; எடுத்துப்போடுவதை மட்டும் கேட்க வைக்கும், இன்வர்ட் வேலை தேவையில்லை. அதில் பாடகரின் குரல் நிழலாகக் கேட்டால் அளவைக் குறையுங்கள். மின்சார ரீங்காரம் இருந்தால் நம் ஊரில் அது 50 ஹெர்ட்ஸ், அந்த ஒரு அலைவெண்ணை மட்டும் வெட்டும் 'நாட்ச் ஃபில்டர்' அதற்குப் போதும். சில நேரம் 100இலும் ஒன்று போடவேண்டியிருக்கும்.

மைக்கில் பேசிப் பதிவு செய்தவர்களுக்கு ஒரு வார்த்தை. வாய்க்குள்ளிருந்து வரும் 'டிக்' சத்தத்துக்கும் ரிப்பேர் முறையே சரி, தண்ணீர் குடித்துவிட்டுப் பேசினால் பாதி வராது. கம்ப்யூட்டர் திணறி இடையில் சாம்பிள்கள் விட்டுப்போய் வந்த கிளிக் என்றால் அந்த இடத்தில் ஒலியே இல்லை. பஃபர் அளவைக் கூட்டி, மறுபடி பதிவு செய்வதுதான் வழி.

சேமிப்பது

எல்லாம் முடிந்தபின் ஒலியளவைச் சரிசெய்யும் 'நார்மலைஸ்', மைனஸ் 1 டெசிபலுக்கு. பத்திரப்படுத்தத் தரம் குறையாத ஃப்ளாக், சொந்தக்காரர்களுக்கு அனுப்ப எம்பி3. எக்ஸ்போர்ட் செய்யும் முன் ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் காலையில் ஹெட்ஃபோனில் ஒருமுறை, சாதாரண ஸ்பீக்கரில் ஒருமுறை கேளுங்கள். மூன்று மணி நேரம் கிளிக்கைத் தேடிய காதுக்குப் பாட்டு கேட்காது.

ஃபைல்கள் இருக்கும் அதே ஃபோல்டரில் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலும் வையுங்கள்: தட்டின் லேபிளில் இருக்கும் எண், எந்த ஊசி, என்ன வேகம், த்ரெஷோல்ட் எவ்வளவு, எந்தச் சுவரை எடுத்துக்கொண்டீர்கள் என்று. நான் முதலில் கெடுத்துவைத்த அந்தப் பக்கத்தைப் போன மாதம் திறக்காமல் வைத்திருந்த வேவ் ஃபைலிலிருந்து எடுத்து மறுபடி செய்தேன், 210 கிளிக்குகள், எல்லாம் கையால். சித்தப்பா இந்த முறை கடைசிவரை கேட்டார். அடியில் இன்னும் கரகர இருக்கிறதே என்றேன். "அது இருக்கட்டும், மிருதங்கத் தனி கேக்குதுல்ல" என்றார்.